யதுர்ஷிகாவின் மூன்றாவது பாடம்

ஞாயிற்றுக்கிழமை தயாபரனைத் தேடித் துணுக்காய்க்கு வருகிறவர்கள் படலையோடு திரும்பிப் போகவேண்டியதுதான். அன்றைக்கு அவர் கிளிநொச்சியில் இருப்பார். அங்கே அவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வாசலில், வேப்பமரத்தின் கீழ், ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணித்தியாலம் குந்தியிருப்பார். உள்ளே அவருடைய ஒரே மகள் யதுர்ஷிகா பௌதிகவியல் படிப்பாள். வகுப்பு முடிந்ததும் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஐம்பது கிலோமீற்றர் திரும்பி ஓடுவார். ஒன்றரை வருடமாக இது நடக்கிறது. கோயில் திருவிழாவுக்குக்கூட ஆள் இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

பெரிய வசதிக்காரர் அல்ல. வவுனிக்குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல். அவருடைய தகப்பனார் அறுபதுகளில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துப் புத்தூரிலிருந்து வந்தவர். தயாபரன் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எல்லோரையும் போல இடம்பெயர்ந்து, எல்லோரையும் போலத் திரும்பி வந்து, அதே வயலை விதைக்கிறார். நாற்பத்தேழு வயது. குரல் சின்னது. சந்தியில் நாலு பேர் கூடிக் கதைத்தால் ஐந்தாவதாக நின்று தலையாட்டுகிற வகை. ஆனால் அந்த வேப்பமரத்தடிக்குப் போனால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

அந்த மரத்தடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பூநகரியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, போய் வருவதற்கு நேரமும் காணாமல், போக மனமும் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு தகப்பன்மார் அங்கே காவல் இருப்பார்கள். பிள்ளைகள் உள்ளே படிக்க, இவர்கள் வெளியே இருந்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் ஸ்கோர் கதைப்பார்கள். போன வருடம் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு, கிளிநொச்சிக்கு எவ்வளவு, அதற்கு முந்தின வருடம் எவ்வளவு என்று தசமத்துக்குப் பிறகு நாலு தானம்வரை ஒப்புவிப்பார்கள். தங்கள் பிள்ளைகளின் பிறந்த திகதியைக் கேட்டால் சற்று யோசிக்கிற ஆட்கள்தான் இவர்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் தயாபரனைத்தான் பார்ப்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை அவர் அட்டை தொடங்கி அட்டைவரை வாசித்தவர். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும், எது எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில். மகளுக்கு ஏற்றவை என்று பென்சிலால் பதினேழு படிப்புகளுக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். முதலாவது மருத்துவம். பதினேழாவது எங்கோ ஒரு மூலையில் விவசாயம்.

அவருடைய கொள்கை எளிமையானது. உயிரியல் பிரிவில் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் மூன்று. உயிரியலும் இரசாயனவியலும் எல்லோருக்கும் உண்டு. மூன்றாவதாகப் பௌதிகவியலையும் எடுக்கலாம், விவசாய விஞ்ஞானத்தையும் எடுக்கலாம். பௌதிகவியலை எடுத்தால் மருத்துவம் முதல் விவசாயம் வரை எல்லா வாசலும் திறந்திருக்கும். விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் மருத்துவ வாசலுக்குப் பூட்டு.

"டொக்டருக்குப் படிச்சா விவசாயமும் கிடைக்கும். விவசாயத்துக்குப் படிச்சா டொக்டர் கிடைக்குமோ?" என்று மரத்தடியில் கேட்பார். முல்லைத்தீவுக் கடற்கரையில் தொழில் செய்கிற ஸ்ரனிஸ்லஸ் இதைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டுவார். அவருடைய மகள் கம்சாவும் அதே வகுப்பில்தான் இருந்தாள். தயா அண்ணை சொன்னால் சரியாக இருக்கும் என்பது ஸ்ரனிஸ்லஸின் நம்பிக்கை. கடலில் போகிறவர் என்பதால் கரையில் யாரையாவது நம்பத்தானே வேண்டும்.

யதுர்ஷிகாவுக்கோ பதினேழு வாசல் தேவைப்படவில்லை. உயர்தரத்தின் முதலாம் வருடத்தில் பாடசாலையால் ஒரு நாள் கிளிநொச்சி அறிவியல் நகருக்குக் கூட்டிப்போய் விவசாய பீடத்தைக் காட்டினார்கள். அங்கே ஓர் அறையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் மண்ணை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே காற்றாடி சுற்றியது. நிறுத்ததை எழுதினார்கள், திரும்ப நிறுத்தார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்த யதுர்ஷிகா, "அப்பா, நான் அங்கைதான் படிக்கப்போறன்," என்றாள். சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துபோகலாம் என்பதையும் பஸ் நேரத்தோடு சொன்னாள். தயாபரன் சிரித்தார். வயலுக்கு முன்னால் பிறந்து வளர்ந்த பிள்ளை திரும்பவும் வயலைப் பற்றிப் படிக்கக் கம்பஸுக்குப் போவதா? பகிடிக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அவள் பகிடி விடுகிற பிள்ளை அல்ல. உயிரியலிலும் இரசாயனவியலிலும் எழுபத்தைந்துக்குக் கீழே அவள் எடுத்ததில்லை. பௌதிகவியலில் முப்பத்திநாலு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. புள்ளி வரும்போதெல்லாம் தயாபரன் இன்னொரு பயிற்சிப் புத்தகம் வாங்கிவருவார். அவள் அதை வாங்கி மற்றவற்றோடு அடுக்கிவைப்பாள். இரண்டாம் வருடம் தொடங்கி இரண்டு மாதம் ஆனபோது அந்த அடுக்கு அவளுடைய கதிரை உயரத்துக்கு வந்துவிட்டது.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்று. சிறுபோகப் பயிர் நின்ற காலம். அன்றைக்கு வாய்க்காலில் தயாபரனுடைய தண்ணீர் முறை; மண்வெட்டியைப் பக்கத்து வயல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்தப் புதன்கிழமைதான் பாடசாலையில் பரீட்சை விண்ணப்பங்களை அனுப்புகிற நாள். அதில் மூன்று பாடமும் எழுதப்பட்டுவிட்டால் பிறகு மாற்றமுடியாது. மரத்தடியில் அதைப் பற்றிய கதை சூடுபிடித்திருந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒலிபெருக்கி பேசியது.

"வெளியிலை நிக்கிற பெற்றோர் எல்லாரும் தயவுசெய்து உள்ளுக்கு வாங்கோ."

பௌதிகவியல் சேர் பெற்றோரைச் சந்திக்க விரும்புகிறாராம். தகப்பன்மார் சாரங்களையும் சேட்டுகளையும் சரிசெய்துகொண்டு உள்ளே போய், பிள்ளைகள் இருந்த வாங்குகளின் பின்னால் சுவரோடு நின்றார்கள். சேர் ஒரு தாளைப் பார்த்துப் பெயர் பெயராக வாசித்தார். பெயரை வாசித்து, புள்ளியை வாசித்து, தகப்பனைத் தேடிப் பிடித்து இரண்டு வார்த்தை சொன்னார். பூநகரிக்காரர் ஒருவர் மகனின் பன்னிரண்டு புள்ளிக்காக நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார். தயாபரனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தனக்கு எப்படியும் முப்பதுக்கு மேல் வரும் என்ற தைரியமும் கொஞ்சம் இருந்தது.

"யதுர்ஷிகா தயாபரன்," என்றார் சேர். தாளைப் புரட்டினார். "இந்தப் பிள்ளை ஒன்பது கிழமையா வகுப்புக்கு வரேல்லை. பெற்றோர் ஆரும் நிக்கிறீங்களோ?"

தயாபரன் கையை உயர்த்தினார். உயர்த்திய பிறகுதான் சேர் சொன்னது காதுக்குள் இறங்கியது. ஒன்பது கிழமை. ஒன்பது ஞாயிறும் அவளைத் தன் கையால் இந்த வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். உள்ளே போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்படியானால் போன பிள்ளை எங்கே? பதினெட்டு வயதுப் பெண்பிள்ளை, ரவுணுக்குள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் மனம் போகாத இடமில்லை. அவற்றை இங்கே எழுதினால் அவருக்கே வெட்கமாக இருக்கும்.

முன் வாங்கிலிருந்து கம்சா எழுந்தாள். "சேர், அவ பின் ஒழுங்கையிலை விவசாய விஞ்ஞான வகுப்புக்குப் போறா. இந்தப் பக்கத்துக் கேற்றாலை போயிடுவா," என்றாள். சிநேகிதியைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

தயாபரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு மானம் போயிற்று. நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிறார்கள். சுவரோடு நின்ற பன்னிரண்டு தகப்பன்மாரும் பார்க்கிறார்கள். ஸ்ரனிஸ்லஸ் வாயைத் திறந்தபடி நிற்கிறார். ஊருக்கெல்லாம் வாசல் காட்டிக்கொடுத்த மனிதர், தன் மகள் எந்த வாசலால் போகிறாள் என்று தெரியாமல் ஒன்பது கிழமை வெளியே குந்தியிருந்திருக்கிறார். இதைவிடப் புதினம் அந்த மரத்தடிக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை.

"ஓம் சேர்," என்றார் தயாபரன். "நான்தான் மாத்தினனான்."

சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது.

"ஏன் ஐயா? டொக்டருக்குப் போற சந்தர்ப்பத்தையெல்லே விடுறீங்கள்?"

"பிள்ளை போறது விவசாய பீடத்துக்கெண்டு முடிவு, சேர்." சின்னக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியது. "போற இடம் தெரிஞ்ச பிறகு எல்லா ரோட்டாலையும் ஏன் ஓடோணும்? மங்குளத்துக்குப் போறவன் பரந்தன் பஸ்ஸுக்கும் ரிக்கற் எடுக்கிறவனே? மற்ற ரண்டு பாடமும் எழுபத்தைஞ்சுக்கு மேலை எடுக்கிற பிள்ளை. பௌதிகத்திலை முப்பது எடுத்து அது ரண்டையும் சேத்து இழுத்து விழுத்துறா. இருக்கிற நேரத்திலை முக்கால்வாசியைப் பௌதிகம் திண்டுபோடுது. அந்த நேரத்தை அவவுக்கு வாற பாடத்துக்குக் குடுத்தா மூண்டும் நல்லா வரும். டொக்டருக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும் சேர். முப்பது புள்ளியோடை அந்த வாசல் திறந்திருந்தாலும் ஒண்டுதான், பூட்டியிருந்தாலும் ஒண்டுதான்."

சேர் யோசித்தார். "நீங்கள் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு," என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போனார்.

தயாபரன் சுவரில் சாய்ந்தார். முதுகு முழுக்க வியர்வை. அவரை உலுப்பியது வேறொன்று. தான் சொன்ன நியாயத்தில் ஓட்டை ஒன்றும் இல்லை. அவ்வளவு அழகாக அவர் அதுவரை எதற்கும் வாதாடியதில்லை. மகள் வந்து இதையே சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டு மடக்கியிருப்பார்.

வெளியே வந்ததும் மரத்தடி அவரை மொய்த்தது. ஸ்ரனிஸ்லஸ் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இவ்வளவு யோசிச்சு வைச்சுக்கொண்டு எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. கம்சாவும் பௌதிகத்திலை நாப்பதுதான். நானும் மாத்தட்டோ?"

"அவசரப்படாதேங்கோ," என்றார் தயாபரன் பதறிப்போய். "முதல் பிள்ளையைக் கேளுங்கோ. அவவுக்கு என்ன விருப்பமெண்டு."

"நீங்கள் கேட்டுத்தானே செய்தனீங்கள்?"

"ஓம் ஓம்," என்றார். வேறு என்ன சொல்வது?

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு விட்டது. பிள்ளைகளோடு பிள்ளையாக யதுர்ஷிகா வழக்கமான வாசலால் வந்தாள். வழக்கமான ஃபைல் கையில் இருந்தது. ஆனால் உள்ளே கம்சா காதில் போட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏறு," என்றார் தயாபரன்.

மங்குளத்தில் ஒவ்வொரு ஞாயிறும் தேத்தண்ணியும் ரோல்ஸும் உண்டு. அன்றைக்கு மோட்டார் சைக்கிள் அங்கே நிற்கவில்லை. மல்லாவி வரைக்கும் காற்றின் சத்தம்தான். அவருக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. வந்தது வேறொரு நினைவு. அதைச் சொல்ல இருபத்தெட்டு வருடம் பின்னுக்குப் போகவேண்டும்.

தொண்ணூற்றேழில் தயாபரனும் உயர்தரம் எடுத்தவர், உயிரியல் பிரிவில்தான். அப்போது பாடம் நாலு: தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். கிளிநொச்சியே இடம்பெயர்ந்து வந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்த காலம். மர நிழலில் வகுப்பு, குப்பி விளக்கில் படிப்பு. அவரோடு படித்தவர்களில் சிலருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கிடைத்தும் போரில் பாதை பூட்டியிருந்ததால் போகமுடியாமல் நின்றுபோனவர்கள் உண்டு. பிறகு கடைசி இடம்பெயர்வில் சான்றிதழ்களையும் தொலைத்துவிட்டு, இன்றைக்கு அதைச் சொல்ல ஒரு துண்டுக் கடதாசிகூடக் கையில் இல்லாமல் இருக்கிறார்கள். வன்னியில் இது புதுக்கதை அல்ல. ஆகவே ஒருவர் இப்படிச் சொன்னால் இன்னொருவர் பத்திரம் எங்கே என்று கேட்பதில்லை. கேட்பது பாவம்.

தயாபரனுக்கு அது நடக்கவில்லை. மூன்று பாடம் பாஸ், பௌதிகவியலில் எஃப். பெறுபேறு ஒட்டியிருந்த பலகையில் பார்த்துவிட்டு நேரே வயலுக்குப் போனார். சான்றிதழ் எடுக்கப் போகவே இல்லை. எட்டு வருடம் கழித்துக் கலியாணம் பேசி வந்தபோது, "கம்பஸ் கிடைச்சது, பாதை பூட்டினதாலை போகேல்லை," என்று அவர் வாயால் ஒருமுறை வந்தது. பெண் வீட்டார் உச்சுக்கொட்டினார்கள். சிவனேஸ்வரி அதை நம்பிக் கழுத்தை நீட்டினார். பிறகு எல்லோருடைய பத்திரங்களும் தொலைந்தன. அவருடையதும் அவற்றோடு சேர்ந்து தொலைந்ததாக ஆயிற்று. மற்றவர்களுக்கு உண்மையாக நடந்த கொடுமையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டவர் அவர். அது அவருக்குத் தெரியும். மகள் பௌதிகவியல் படித்து டொக்டராகிவிட்டால் அந்த இரவலைத் திருப்பிக் கொடுத்ததாகும் என்று ஏதோ ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது. புத்தியுள்ள ஆள் போடுகிற கணக்கு இல்லைத்தான்.

வீட்டில் சிவனேஸ்வரி சோறு போட்டார். "பௌதிகம் எப்பிடிப் போகுதாம்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் போகுது," என்றார் தயாபரன். யதுர்ஷிகா நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டாள். சாப்பிட்டதும் கோப்பையைக் கழுவப் போனவள் கிணற்றடியிலேயே நின்றுவிட்டாள்.

தயாபரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சபையில் அவ்வளவு சொல்லியாகிவிட்டது. விவசாய பீடத்துக்கு விவசாய விஞ்ஞானம் போதும் என்றுதான் ஞாபகம்; ஆனாலும் உண்மையில் காணுமா என்று கைநூலில் ஒருதரம் பார்த்துவிடவேண்டும். காணாவிட்டால் அடுத்த ஞாயிறு மரத்தடியில் முகம் காட்டமுடியாது. மகளுடைய நிலைமையைவிட அந்த நேரத்தில் இதுதான் முன்னுக்கு நின்றது என்பதையும் மறைக்கக்கூடாது. கைநூல் வழக்கமான தட்டில் இல்லை. மகளுடைய அலுமாரியைத் திறந்தார்.

கைநூல் அங்கேதான் இருந்தது. விரித்துப் பார்த்தார். அவர் பென்சிலால் போட்ட பதினேழு கோடும் அப்படியே கிடந்தன. அவற்றில் ஒன்றைச் சுற்றி மட்டும் பச்சைப் பேனையால் வட்டம். மற்றப் பதினாறையும் அவள் வெட்டவில்லை, அழிக்கவுமில்லை. அவற்றைத் தொடவே இல்லை. விவசாய விஞ்ஞானம் காணும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. அதன் கீழேயும் பச்சைக் கோடு.

பிறகுதான் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தைக் கண்டார். சுவரொட்டி அளவில் முழு டிமைத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பங்குனி தொடங்கிக் கார்த்திகைப் பரீட்சை வரைக்கும் கிழமைக்கு ஒரு கட்டம். உயிரியலுக்கு ஒரு நிரல், இரசாயனவியலுக்கு ஒரு நிரல், விவசாய விஞ்ஞானத்துக்கு ஒரு நிரல். மற்றப் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் படிப்பதை எட்டு மாதத்துக்குள் பிரித்து அடக்கியிருந்தாள். மண் மூன்று கிழமை. நீர்ப்பாசனம் இரண்டு. பீடைகள் மூன்று. தைப்பொங்கலுக்குப் பூசணிக்காய் வெட்டுவதுபோல ஒரே அளவாக இல்லை. கடினமானதுக்குக் கூட நேரம், தெரிந்ததுக்குக் குறைய. திருவிழாவுக்கு ஒரு நாள் விட்டிருந்தாள். காய்ச்சல் வந்தால் என்று மாதத்துக்கு இரண்டு நாள் வெறுமையாக விட்டிருந்தாள். முடிந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் பச்சைச் சரி. ஒன்றுகூடப் பிந்தவில்லை.

கடைசி நிரலின் தலைப்பு "வேறு." அதில் முதல் கிழமையில் எழுதியிருந்தது: அப்பாவுக்குச் சொல்ல. சரி போடவில்லை. ஓர் அம்புக்குறி அடுத்த கிழமைக்குப் போனது. அங்கேயும் அப்பாவுக்குச் சொல்ல. திரும்ப அம்புக்குறி. இப்படி ஒன்பது. இந்தக் கிழமைக் கட்டத்தில் "கட்டாயம்" என்று சேர்த்து இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

தயாபரன் கட்டிலில் இருந்தார். கதவடியில் யதுர்ஷிகா வந்து நின்றாள். கை இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏசுவன் எண்டோ பயந்தனீ?"

"இல்லையப்பா."

"மறிப்பன் எண்டோ?"

"மறிக்கமாட்டீங்கள்." அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஓம் எண்டு சொல்லுவீங்கள். சொல்லிப்போட்டு ஒருத்தரோடையும் கதைக்காமல் வயலுக்கை போய் வரம்பிலை தனிய நிப்பீங்கள். ரண்டு மூண்டு நாளைக்குச் சோறு வடிவாச் சாப்பிடமாட்டீங்கள். அதை நினைச்சுத்தான் வாற கிழமை, வாற கிழமை எண்டு தள்ளினனான்."

சண்டை பிடித்திருந்தால் தயாபரன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கைநூலை அவர் எழுத்தெண்ணிப் படித்துக்கொண்டிருந்த ஒன்றரை வருடமும் இந்தப் பிள்ளை அவரைப் படித்திருக்கிறாள். கண் கலங்கியது. அதை மறைக்கச் சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"இதிலை இரு பிள்ளை. ஒண்டு சொல்லோணும்."

அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"நான் பௌதிகத்திலை பெயில்."

"எப்ப?"

"தொண்ணூற்றேழிலை."

"கம்பஸ் கிடைச்சதெண்டு அம்மா…"

"கிடைக்கேல்லை. பாதை திறந்திருந்தாலும் நான் போயிருக்கமாட்டன். சேர்டிபிகேற் ஒண்டும் துலையவும் இல்லை. நான் எடுக்கவே போகேல்லை." ஒரு மூச்சு விட்டார். "உன்ரை ஒன்பது கிழமை. என்ரை இருபத்தெட்டு வருசம். இனி ஆர் ஆரை ஏசுறது?"

யதுர்ஷிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவள் போகவில்லை.

"தாவரவியலுக்கு என்ன வந்தது?" என்று கேட்டாள்.

"பி."

"பறவாயில்லையே," என்றாள். அவள் கடைவாயில் சிரிப்புப் போன்ற ஒன்று வந்து போனது. தயாபரனும் சிரித்தார். அந்தப் பெறுபேற்றுக்கு யாரும் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"புதன்கிழமை விண்ணப்பத்திலை விவசாய விஞ்ஞானம் எண்டே எழுது. ஆரும் கேட்டா அப்பா சொன்னவர் எண்டு சொல்லு. நான் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்."

"தெரியும். கம்சா சொன்னவள். நல்லாக் கதைச்சனீங்களாம்."

குசினிக்குள் சிவனேஸ்வரி தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது. யதுர்ஷிகா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

அவள் எழுந்து அலுமாரிக் கதவடிக்குப் போனாள். மேசையில் கிடந்த பச்சைப் பேனையை எடுத்தாள். இந்தக் கிழமைக் கட்டத்தில் தன் வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டாள். அதன் கீழே, இடம் காணாமல் எழுத்தைச் சின்னதாக்கி எழுதினாள்: அப்பா அம்மாவுக்குச் சொல்ல.

"வாற கிழமையிலை போடன் பிள்ளை," என்றார் தயாபரன்.

"வாற கிழமை எண்டு துடங்கினா ஒன்பது கிழமை போகும் அப்பா. நான் பாத்தனான்."

தயாபரன் கைநூலை மூடி மேசையில் வைத்தார். திருவுகிற சத்தம் நின்றதும் எழுந்து குசினிக்குப் போனார்.